எஸ்எஃப்பி முதல் ஓஎஸ்எஃப்பி வரை: எந்த வேலை மாட்யூலில், எந்த வேலை ஸ்விட்சில்?

நெட்வொர்க் ஸ்விட்சின் போர்ட்டில் செருகி, மின் சிக்னலை ஃபைபரில் போகும் ஒளியாக்கும் சிறு பெட்டிகள்தான் எஸ்எஃப்பி+ போன்ற மாட்யூல்கள். இரண்டு எஸ்எஃப்பி+ மாட்யூல்களை மேசையில் அருகருகே வைத்தால் பெரும்பாலும் வித்தியாசமே தெரியாது. அதே உலோகக் கூடு, ஃபைபரைச் செருக அதே எல்சி வாய், வெளியே இழுக்க அதே கம்பிப் பிடி. ஆனால் ஒன்று 850 நானோமீட்டர் ஒளியை மல்டிமோட் ஃபைபரில் 300 மீட்டர் அனுப்பும். மற்றொன்று 1550 நானோமீட்டர் ஒளியைச் சிங்கிள்மோட் ஃபைபரில் 80 கிலோமீட்டர் கொண்டுபோகும். இதற்கு நேர்மாறாக, 10 ஜிகாபிட் என்ற ஒரே வேகத்துக்கு ஜென்பேக், எக்ஸ்பேக், எக்ஸ்2, எக்ஸ்எஃப்பி, எஸ்எஃப்பி+ என்று ஐந்து வடிவங்கள் சில ஆண்டுகளுக்குள் வந்தன. வடிவம் ஒரு கேள்விக்கு விடை சொல்கிறது, ஒளி வேறொரு கேள்விக்கு. இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொள்வதால்தான் இந்த மாட்யூல்களின் பெயர்கள் ஒரு பெரும் பட்டியலாகத் தெரிந்து மிரட்டுகின்றன.

அந்தப் பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட ஒரே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு போவது நல்லது. மின் சிக்னலை ஒளியாக்கி அனுப்பி, மறுமுனையில் மீட்டெடுக்கும் வேலையில் எவ்வளவு மாட்யூலுக்குள் நடக்கிறது, எவ்வளவு ஸ்விட்ச் போர்டில் நடக்கிறது? இந்த எல்லைக்கோடு முப்பது ஆண்டுகளாக முன்னும் பின்னும் நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஒவ்வொரு புதிய வடிவமும் அந்த நகர்வின் விளைவு.

முதலில், செருகிக் கழற்றும்படி ஏன் செய்தார்கள்? லேசர் கெட்டுப்போகக்கூடிய பொருள். அதைப் போர்டிலேயே பற்றவைத்துவிட்டால் ஒரு லேசர் செத்ததற்காக முழுப் போர்டையும் மாற்ற வேண்டியிருக்கும். தவிர, ஸ்விட்சைத் தயாரிப்பவருக்கு அதன் ஒவ்வொரு போர்ட்டும் எவ்வளவு தூரம் பேச வேண்டும் என்று முன்கூட்டியே தெரியாது. 1990களின் நடுவில் வந்த ஜிபிக் இரண்டுக்கும் தீர்வு சொன்னது. கருவியை அணைக்காமலே மாற்றலாம், தேவைக்கேற்ப ஒளியைத் தேர்ந்தெடுக்கலாம். அது 1 ஜிகாபிட் வேகம், எஸ்சி இணைப்பான் கொண்ட பருமனான மாட்யூல்.

2000ஆம் ஆண்டில் பல நிறுவனங்கள் சேர்ந்து எஸ்எஃப்பிக்கான ஒப்பந்தத்தைப் போட்டன. அகலம் 13.4 மில்லிமீட்டர், உயரம் 8.5 மில்லிமீட்டர். எஸ்சிக்குப் பதிலாகச் சிறிய எல்சி. ஜிபிக் செய்த அதே வேலைதான், இடம் மட்டும் பாதியாயிற்று.

இந்த ஒப்பந்த முறைக்கு எம்எஸ்ஏ என்று பெயர், அதாவது பல உற்பத்தியாளர்கள் கூடிச் செய்துகொள்ளும் உடன்பாடு. ஈதர்நெட்டின் தரத்தை எழுதும் ஐஇஇஇ, ஃபைபரில் போகும் ஒளி எப்படி இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. அதை அனுப்பும் பெட்டியின் அளவு அதன் கவலை இல்லை. பெட்டியை எம்எஸ்ஏக்கள் தீர்மானிக்கின்றன. அதனால்தான் எக்ஸ்எஃப்பி வடிவிலான எல்ஆர் (10 கிலோமீட்டர் ஒளி வகை) மாட்யூல் ஒரு முனையிலும் எஸ்எஃப்பி+ எல்ஆர் மறுமுனையிலும் இருந்தாலும் இணைப்பு ஒழுங்காக எழும். ஃபைபருக்கு எதிர்ப்பக்கத்துப் பெட்டியின் வடிவம் தெரியாது, தெரிய வேண்டிய தேவையும் இல்லை. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டாலே பாதிக் குழப்பம் போய்விடும்.

10 ஜிகாபிட்டில் நடந்த இழுபறி

எல்லைக்கோடு நகர்ந்ததைத் தெளிவாகப் பார்க்க 10 ஜிகாபிட் காலம்தான் சரியான இடம். 2001இல் ஜென்பேக் வந்தபோது போர்டில் இருந்த சிப்களுக்கு ஒரே தடத்தில், அதாவது சிக்னல் ஓடும் ஒரே மின் பாதையில், 10 ஜிகாபிட் ஓட்டத் தெம்பில்லை. நான்கு தடங்களில், தடத்துக்கு 3.125 ஜிகாபிட் வீதம் அனுப்பின. அவற்றைச் சேர்த்து ஒரே வேகமான ஓட்டமாக்கி லேசருக்குக் கொடுப்பது முழுக்க மாட்யூலின் வேலை. ஆகவே மாட்யூல் பெரிது, சூடு அதிகம், விலையும் அதிகம். எக்ஸ்பேக்கும் எக்ஸ்2வும் அதே உள்ளடக்கத்தைக் கொஞ்சம் சுருக்கிப் பார்த்த முயற்சிகள். அவற்றைப் பற்றி அதற்குமேல் சொல்ல எதுவும் இல்லை.

எக்ஸ்எஃப்பியில் கோடு நகர்ந்தது. போர்டிலிருந்தே 10.3125 ஜிகாபிட் ஒரே தடத்தில் வந்தது. மாட்யூலுக்குள் மிஞ்சியது அந்த சிக்னலின் கடிகாரத்தை மீட்டுச் சுத்தம் செய்யும் சுற்று மட்டும். எஸ்எஃப்பி+ இன்னொரு படி போனது. 2006 வாக்கில் உருவான அந்த வடிவத்தில் அந்தச் சுற்றையும் எடுத்து ஸ்விட்ச் போர்டுக்கே தள்ளிவிட்டார்கள். மாட்யூலில் மிஞ்சியவை லேசர், அதை இயக்கும் சிப், ஒளியை வாங்கும் டையோடு, அதன் பெருக்கி, ஒரு சின்ன நினைவகம். பழைய எஸ்எஃப்பியின் அளவிலேயே பத்து மடங்கு வேகம், சுமார் ஒரு வாட் மின்சாரம். ஒரே யூ (ரேக்கில் ஓர் அடுக்கு) உயரமுள்ள ஸ்விட்சில் 48 போர்ட் வைக்க முடிந்தது இதனால்தான். இந்தத் துறையில் எடுக்கப்பட்ட முடிவுகளிலேயே இதுதான் மிகச் சிறந்தது என்பது என் எண்ணம். போர்டில் இருக்கும் சிலிக்கான் ஒவ்வொரு தலைமுறையிலும் மலிவாகும். மாட்யூலில் இருந்தால் அதே வேலைக்கு ஒவ்வொரு மாட்யூலிலும் தனித்தனியாகப் பணம் கொடுக்க வேண்டும்.

ஆனால் வேலையைப் போர்டுக்குத் தள்ளினால் போர்டின் தரம் முக்கியமாகிவிடும். எல்ஆர்எம் மாட்யூல் இதற்கு நல்ல சான்று. பல கட்டடங்களில் 62.5 மைக்ரான் கொண்ட பழைய மல்டிமோட் ஃபைபர் கிடக்கிறது. அதில் குறுந்தூர எஸ்ஆர் மாட்யூல் 30 மீட்டர் அளவிலேயே நின்றுவிடும். அதே ஃபைபரில் 220 மீட்டர் வரை போக வந்ததுதான் எல்ஆர்எம். வழியில் சிதைந்து வரும் சிக்னலைத் திருத்த அதற்கு ஒரு தனிச் சுற்று வேண்டும். எக்ஸ்2வில் அது மாட்யூலுக்குள்ளேயே இருந்தது. எஸ்எஃப்பி+ எல்ஆர்எம் அதைப் போர்டிடம் எதிர்பார்க்கிறது. போர்டில் அது இல்லையென்றால், மாட்யூல் நன்றாக இருந்தும் இணைப்பு எழாது, அல்லது எழுந்து பிழைகளாகக் கொட்டும். மாட்யூலை மாற்றி மாற்றிப் பார்த்துப் பயனில்லை.

பெயரில் இருக்கும் எண்கள்

எஸ்எஃப்பிக்கு ஒரு தடம். கியூஎஸ்எஃப்பிக்கு நான்கு. கியூஎஸ்எஃப்பி-டிடிக்கும் ஓஎஸ்எஃப்பிக்கும் எட்டு. பின்னால் வரும் 28, 56, 112 ஆகியவை ஒரு மின் தடம் தாங்கக்கூடிய வேகத்தைக் குறிக்கின்றன. நடைமுறையில் அவை 25, 50, 100 ஜிகாபிட். சரி, இப்போது பெருக்கிப் பாருங்கள். எஸ்எஃப்பி28 என்றால் 25 ஜிகாபிட். கியூஎஸ்எஃப்பி+ நான்கு பத்து, அதாவது 40. கியூஎஸ்எஃப்பி28 நான்கு இருபத்தைந்து, அதாவது 100. கியூஎஸ்எஃப்பி56 என்றால் 200. எட்டுத் தடமும் தடத்துக்கு 50உம் இருந்தால் 400, தடத்துக்கு 100 ஆனால் 800, தடத்துக்கு 200 ஆனால் 1.6 டெராபிட்.

தடங்கள் தனித்தனியானவை என்பதால் அவற்றைப் பிரித்தும் பயன்படுத்தலாம். ஒரு கியூஎஸ்எஃப்பி28 போர்ட்டிலிருந்து நான்கு 25 ஜிகாபிட் இணைப்புகளை நான்கு சர்வர்களுக்குக் கொண்டுபோவது டேட்டா சென்டர்களில் அன்றாட வேலை.

பழையதைப் புதியதில் செருகலாமா? பெரும்பாலும் முடியும். எஸ்எஃப்பி28 போர்ட்கள் பல எஸ்எஃப்பி+ மாட்யூலை 10 ஜிகாபிட்டில் ஏற்கும். கியூஎஸ்எஃப்பி-டிடி போர்ட்டில் இரண்டாவது வரிசைத் தொடர்புகள் உள்ளே தள்ளி இருப்பதால், பழைய கியூஎஸ்எஃப்பி28 முதல் வரிசையை மட்டும் தொட்டு வேலை செய்யும். எதிர்த்திசையில் இது நடக்காது. எஸ்எஃப்பி போர்ட்டில் எஸ்எஃப்பி+ மாட்யூல் அளவில் பொருந்தும், ஆனால் 10 ஜிகாபிட் வராது.

100 ஜிகாபிட்டின் தொடக்கத்தில் சிஎஃப்பி என்றொரு வடிவம் இருந்தது. 82 மில்லிமீட்டர் அகலம், பத்துத் தடம், தடத்துக்குப் பத்து ஜிகாபிட். சிஎஃப்பி2, சிஎஃப்பி4 என்று பாதியாகவும் கால்வாசியாகவும் குறைந்தது. கியூஎஸ்எஃப்பி28 வந்ததும் டேட்டா சென்டர்களில் அதற்கு வேலை இல்லாமல் போயிற்று. தொலைதூர ஒளிக் கருவிகளில் மட்டும் சிஎஃப்பி2 நீண்ட காலம் தாக்குப்பிடித்தது.

ஒளியின் கணக்கு

எஸ்ஆர், எல்ஆர், ஈஆர், இசட்ஆர். இந்த எழுத்துகள் தூரத்தைச் சொல்வதாக எல்லோரும் படிக்கிறோம். உண்மையில் இவை அலைநீளத்தையும் ஃபைபர் வகையையும் ஒளியின் அளவையும் சேர்த்துச் சொல்கின்றன. எஸ்ஆர் என்றால் 850 நானோமீட்டர், மலிவான விசிஎஸ்இஎல் லேசர், மல்டிமோட். எல்ஆர் என்றால் 1310, சிங்கிள்மோட், 10 கிலோமீட்டர். ஈஆர் 1550, 40 கிலோமீட்டர். இசட்ஆர் சுமார் 80. ஆனால் 10 ஜிகாபிட்டில் இது ஐஇஇஇ தரமே இல்லை, உற்பத்தியாளர்கள் தாங்களாகவே பின்பற்றும் வழக்கம்.

தூரத்தைவிட டெசிபல் கணக்கை நம்புவது பாதுகாப்பு. 10 ஜிகாபிட் எல்ஆர் மாட்யூல் குறைந்தபட்சம் மைனஸ் 8.2 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபல்) ஒளியை வெளியே விட வேண்டும். வாங்கும் பக்கம் மைனஸ் 14.4 வரை இறங்கினாலும் படிக்கும். நடுவே செலவழிக்கக் கிடைப்பது 6.2 டெசிபல். 1310இல் கிலோமீட்டருக்கு 0.4 டெசிபல் போகிறது என்று வைத்தால் 10 கிலோமீட்டருக்கு 4 போய்விடும். மீதி 2.2இல்தான் வழியிலுள்ள எல்லா இணைப்பான்களும் ஒட்டுகளும் அடங்க வேண்டும். ஐந்து கிலோமீட்டர் வழித்தடம்கூட, நடுவில் நான்கைந்து பேட்ச் பேனல்களும் தூசி படிந்த முனைகளும் இருந்தால் தோற்றுப்போகும். முனையைத் துடைத்துப் பார்க்காமல் மாட்யூலைக் குறை சொல்வது மிகவும் பரவலான பழக்கம். தயவுசெய்து முதலில் துடையுங்கள்.

இதன் மறுபக்கம் இன்னும் அபாயமானது. தூரத்துக்கான மாட்யூலைப் பக்கத்தில் வைத்தால் நன்றாகத்தானே வேலை செய்யும் என்று தோன்றும். 10 ஜிகாபிட் இசட்ஆர் மாட்யூல்கள் பொதுவாக 0 முதல் 4 டிபிஎம் வரை அனுப்பும். வாங்கும் பக்கம் மைனஸ் 7க்கு மேல் போகக் கூடாது. ஆக வழியில் 11 டெசிபல் வரை குறைய வேண்டியிருக்கும். 1550இல் கிலோமீட்டருக்கு 0.25 என்றால் அதற்கே 44 கிலோமீட்டர் ஃபைபர் தேவை. ஒரே ரேக்கில் இரண்டு இசட்ஆரை நேரடியாக இணைத்துச் சோதித்தால் பிழைகள் வருவது ஒருபுறம், வாங்கும் டையோடே நிரந்தரமாகக் கெட்டுப்போகலாம். நடுவில் ஒளியைக் குறைக்கும் அட்டென்யுவேட்டரைப் போடுங்கள்.

இரண்டு இழைக்குப் பதில் ஒரே இழையில் போகவும் வரவும் செய்வது பைடி. ஒன்று 1270இல் அனுப்பி 1330இல் வாங்கும். அதன் ஜோடி அப்படியே தலைகீழ். ஒரே வகையை இரண்டாக வாங்கிவிட்டால் இரண்டும் பேசிக்கொள்ளாது. ஒரே இழையில் பல அலைநீளங்களை ஏற்றும் சிடபிள்யூடிஎம் முறையில் 1270 தொடங்கி 1610 வரை, 20 நானோமீட்டர் இடைவெளியில் 18 நிறங்கள் உண்டு. டிடபிள்யூடிஎம்மில் இடைவெளி 0.8 நானோமீட்டரும் அதற்குக் கீழும். அவ்வளவு நெருக்கத்தில் லேசரின் வெப்பம் சற்று மாறினாலும் நிறம் பக்கத்துத் தடத்துக்குள் நகர்ந்துவிடும் என்பதால் மாட்யூலுக்குள் குளிரூட்டி வைக்கிறார்கள்.

100 ஜிகாபிட்டில் இந்த இடம் கவனமாகப் பார்க்க வேண்டியது. கியூஎஸ்எஃப்பி28 என்ற ஒரே பெட்டிக்குள் எஸ்ஆர்4 எட்டு மல்டிமோட் இழைகளை எம்பிஓ என்ற பல இழை இணைப்பான் வழியாகப் பயன்படுத்துகிறது. எல்ஆர்4 நான்கு நிறங்களைத் திசைக்கு ஒரே சிங்கிள்மோட் இழையில் சேர்க்கிறது. எல்ஆர்1 ஒரே நிறத்தில் 100 ஜிகாபிட்டையும் ஏற்றுகிறது. எல்ஆர்4, எல்ஆர்1 இரண்டுக்கும் 10 கிலோமீட்டர், இரண்டுக்கும் எல்சி, ஆனாலும் ஒன்றோடு ஒன்று பேசாது. பிழைதிருத்தத்திலும் வேறுபாடு உண்டு. எஸ்ஆர்4க்கு ஸ்விட்சில் எஃப்இசி எனப்படும் பிழைதிருத்தத்தை இயக்க வேண்டும். எல்ஆர்4க்குத் தேவையில்லை. எல்ஆர்1 தன் பிழைதிருத்தத்தைத் தனக்குள்ளேயே செய்துகொள்வதால் ஸ்விட்சின் எஃப்இசியை அணைக்க வேண்டும். ஒளி அளவு இரு பக்கமும் சரியாக இருந்தும் இணைப்பு எழவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

தாமிரம் பற்றிச் சுருக்கமாக. ஒரே ரேக்குக்குள் டிஏசி எனப்படும், இரு முனையிலும் செருகி ஒட்டியே வரும் தாமிரக் கேபிளை மிஞ்ச எதுவும் இல்லை. லேசரே கிடையாது, மின்செலவு ஏறக்குறைய பூஜ்யம், பழுதாவதும் அரிது. 10 ஜிகாபிட்டில் 7 மீட்டர் வரை வந்தது, 25இல் 3 முதல் 5 மீட்டராகக் குறைந்தது, வேகம் ஏற ஏற இன்னும் சுருங்குகிறது. அதற்கு மேலான தூரத்துக்கு இரு முனையிலும் மாட்யூல் ஒட்டியே வரும் ஏஓசி ஒளிக் கேபிள்கள் இருக்கின்றன. சாதாரண ஈதர்நெட் கேபிளுக்கான ஆர்ஜே45 வாய் கொண்ட 10 ஜிகாபிட் எஸ்எஃப்பி+ மாட்யூலும் கிடைக்கிறது. ஆனால் அது இரண்டு வாட்டுக்கு மேல் எடுக்கும், பொதுவாக 30 மீட்டர்தான் போகும். ஒன்றரை வாட்டுக்காக வடிவமைத்த போர்ட்களில் இவற்றை வரிசையாகச் செருகுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

உள்ளே இருக்கும் அடையாள அட்டை

எஸ்எஃப்பிக்குள் ஈஈப்ராம் என்ற ஒரு சின்ன நினைவகம் இருக்கிறது. மாட்யூலைச் செருகியவுடன் ஸ்விட்ச் ஐ2சி என்ற எளிய மின் இணைப்பு வழியாக அதைப் படிக்கிறது. எந்த வகை, எந்த அலைநீளம், எவ்வளவு தூரம், தயாரித்தவர் பெயருக்கு 16 பைட், பாக எண், வரிசை எண் எல்லாம் அதில் உண்டு. இன்னொரு முகவரியில் டிடிஎம் எனப்படும் நேரடி அளவீடுகள்: வெப்பம், மின்னழுத்தம், லேசருக்குப் போகும் மின்னோட்டம், அனுப்பும் ஒளி, வாங்கும் ஒளி. லினக்ஸில் ஈத்டூல் கட்டளைக்கு எம் என்ற விருப்பத்தைக் கொடுத்தால் எல்லாம் வந்துவிடும். அனுப்பும் ஒளி மாறாமல் இருக்க, லேசர் மின்னோட்டம் மாதாமாதம் ஏறிக்கொண்டே போனால் அந்த லேசர் வயதாகிறது என்று பொருள். சாவதற்கு முன்பே மாற்றிவிடலாம். இவ்வளவு பயனுள்ள தகவலைப் பலர் ஒருமுறைகூடத் திறந்து பார்ப்பதில்லை.

அதே நினைவகம்தான் பூட்டாகவும் பயன்படுகிறது. சில நிறுவனங்களின் ஸ்விட்சுகள் தயாரிப்பாளர் பெயரைப் படித்து, தங்கள் பெயர் இல்லையென்றால் போர்ட்டை முடக்கிவிடும். சிஸ்கோவில் அதை மீற ‘சர்வீஸ் அன்சப்போர்ட்டட்-டிரான்ஸீவர்’ என்ற கட்டளை உண்டு. இன்டெலின் பழைய 10 ஜிகாபிட் அட்டைகளுக்கு லினக்ஸ் டிரைவரில் ஒரு விருப்பம் இருக்கிறது. சோதிக்கப்படாத மாட்யூலுக்கு உத்தரவாதம் தர முடியாது என்பது அவர்கள் தரப்பு வாதம். ஓரளவுக்கு நியாயம்தான், ஏனென்றால் மலிவான மாட்யூல்களில் தரக்குறைவானவையும் உண்டு. ஆனால் உத்தரவாதம் தராமல் இருப்பது வேறு, போர்ட்டையே அணைப்பது வேறு. பல உற்பத்தியாளர்கள் ஒன்றுகூடி யாருடையதும் யாருடையதிலும் வேலை செய்யட்டும் என்று எழுதிய உடன்பாட்டின் மேல் இந்தப் பூட்டு போடப்படுகிறது என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

மறுபடியும் உள்ளே, மறுபடியும் வெளியே

25 ஜிகாபிட் தடம் வரை ஒளி இருக்கிறது, இல்லை என்ற இரண்டு நிலையே போதுமானதாக இருந்தது. 50 ஜிகாபிட் தடத்தில் பாம்4 வந்தது. நான்கு நிலைகள், ஒரு துடிப்பில் இரண்டு பிட். நிலைகள் நெருங்கிவிட்டதால் சிறு இரைச்சலும் பிழையாகிறது. எனவே எஃப்இசி கட்டாயமாயிற்று. மாட்யூலுக்குள்ளும் சிக்னலைக் கணக்கிட்டுச் சீராக்கும் டிஎஸ்பி என்ற கனமான சிப் வந்து உட்கார்ந்தது. எஸ்எஃப்பி+ வெளியே தள்ளிய வேலை இன்னும் பெரிதாகி மாட்யூலுக்குள் திரும்பியது இப்படித்தான்.

விலை வெப்பத்தில் தெரிந்தது. 100 ஜிகாபிட் கியூஎஸ்எஃப்பி28 வழக்கமாக 3.5 வாட்டுக்குள் அடங்கும். 400 ஜிகாபிட் மாட்யூல் பத்து, பன்னிரண்டு வாட் எடுக்கும். 2016இல் கியூஎஸ்எஃப்பி-டிடி, ஓஎஸ்எஃப்பி என இரண்டு முகாம்கள் பிரிந்ததே இதனால்தான். முதல் முகாம் 18.35 மில்லிமீட்டர் அகலத்தை விடாமல் பழைய மாட்யூல்களுக்கும் இடம் வைத்தது. இரண்டாவது 22.58 மில்லிமீட்டருக்கு அகட்டி, வெப்பம் கடத்தும் தகடுகளை மாட்யூலின் மேலேயே பொருத்தியது. 400இல் கியூஎஸ்எஃப்பி-டிடி பரவலாயிற்று. 800க்கும் 1.6 டெராபிட்டுக்கும் போகும்போது, குறிப்பாகச் செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிக் கூடங்களில், ஓஎஸ்எஃப்பியின் அகலம் கைகொடுக்கிறது.

டிஎஸ்பி வந்ததில் பெரிய நன்மையும் உண்டு. 2020இல் ஓஐஎஃப் என்ற தொழில்துறை அமைப்பு வெளியிட்ட 400இசட்ஆர் தரம், ஒளியின் அலைக்கட்டத்தையும் முனைவாக்கத்தையும் சேர்த்துப் பயன்படுத்தும் கோஹீரன்ட் முறையை ஒரு கியூஎஸ்எஃப்பி-டிடிக்குள் அடைத்தது. ஒளிப் பெருக்கிகளோடு 120 கிலோமீட்டர் வரை 400 ஜிகாபிட். முன்பு இந்த வேலைக்குத் தனிக் கருவியும் பெரிய அட்டையும் தேவைப்பட்டன. இப்போது ரூட்டரின் போர்ட்டிலேயே செருகினால் போதும்.

ஆனால் 800 ஜிகாபிட் போர்ட் 64 உள்ள ஸ்விட்சில், மாட்யூலுக்கு 15 வாட் என்றாலே மாட்யூல்கள் மட்டும் 960 வாட் தின்னும். அதனால் கோடு மீண்டும் நகரத் தொடங்கியிருக்கிறது. எல்பிஓ என்ற அணுகுமுறை டிஎஸ்பியை மாட்யூலிலிருந்து எடுத்துவிட்டு, சிக்னலைச் சீராக்கும் பொறுப்பை ஸ்விட்ச் சிப்பிடமே விடுகிறது. எஸ்எஃப்பி+ செய்த அதே துணிச்சல், அதே நிபந்தனையோடு: போர்டும் சிப்பும் அவ்வளவு நன்றாக இருந்தாக வேண்டும். சிபிஓ இன்னும் தூரம் போய், ஒளியாக்கும் பகுதியை ஸ்விட்ச் சிப்பின் பக்கத்திலேயே, ஒரே பொதிக்குள் வைக்கிறது. என்விடியா 2025 மார்ச்சில் இந்த முறையிலான ஸ்விட்சுகளை அறிவித்தது.

அப்படியானால் செருகும் மாட்யூல் ஒழிந்ததா? சிபிஓ வடிவமைப்புகளில் லேசரை மட்டும் பொதிக்குள் வைக்கத் தயங்குகிறார்கள். சூடான சிப்பின் அருகில் லேசர் சீக்கிரம் பழுதாகும். பழுதானால் அந்த விலையுயர்ந்த பொதியைப் பிரித்து மாற்ற முடியாது. ஆகவே லேசரை மட்டும் தனியாக ஒரு பெட்டியில் போட்டு, ஸ்விட்சின் முன்பக்கத்தில் செருகி, அங்கிருந்து ஃபைபர் வழியாகச் சிப்புக்கு ஒளி கொடுக்கிறார்கள். இதற்கு ஓஐஎஃப் வகுத்த வடிவத்தின் பெயர் இஎல்எஸ்எஃப்பி. அதில் தரவு எதுவும் போவதில்லை, வெறும் ஒளி மட்டும். அதன் ஒளி முனைகூட, நிற்பவரின் கண் பக்கம் பார்க்காமல், உள்நோக்கி ஸ்விட்சின் பக்கமாகத் திரும்பியிருக்கிறது.